ஆம்பூரில் விழுந்த நவாபும் கோவளத்துக் கோட்டையும்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் வரும் கோவளத்தில் ஒரு "டச்சுக் கோட்டை" இருந்ததாகச் சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் படித்திருப்பீர்கள். அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் 1974-ல் தாஜ் நிறுவனத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி எழுந்தது. கோட்டை இருந்தது உண்மை. ஆனால் அது டச்சுக்காரர்களுடையது அல்ல. அதைக் கட்டியவராக வரலாற்று நூல்கள் சொல்லும் மனிதர் உயிரை விட்டது ஆம்பூரில். கடைசி நான்கு வருடங்களாக மகள் வீட்டோடு ஆம்பூரில் இருக்கும் எனக்கு இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

அந்த விடுதியில் சென்ற தை மாதம் இரண்டு இரவு தங்கினோம். எங்கள் ஐம்பதாவது திருமண நாளுக்காக மாப்பிள்ளை செய்த ஏற்பாடு. அவர் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். ஆம்பூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு எப்போதும் திருவண்ணாமலை வழியாகப் போவதுதான் வழக்கம். "இந்த முறை கடற்கரை வழியாகவே போய்ச் சேரலாம் மாமா, நடுவில் தங்கிக்கொண்டு" என்றார். ஒரு இரவுக்கு என்ன வாடகை என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. பிறகு நானே தெரிந்துகொண்டேன். அந்த விடுதி திறந்த அதே 1974-ல்தான் நான் பாண்டிச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்தேன். என் முதல் வருடச் சம்பளம் முழுவதையும் கூட்டினாலும் இன்றைய ஒரு இரவுக்குப் போதாது. இதை என் மனைவியிடம் சொன்னபோது, "அப்போ நல்லாத் தூங்குங்க, வீணாக்காதீங்க" என்றாள்.

அறை, உணவு, நீச்சல் குளம் பற்றியெல்லாம் எழுத எனக்குத் தெரியாது. சவுக்குத் தோப்பும் கடல் இரைச்சலும் நன்றாக இருந்தன. இட்லி நம் வீட்டு இட்லிதான். நான் தேடியது கோட்டையை. அங்கே "கோட்டை" என்று கை காட்டும்படி பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சாததற்கும் காரணம் உண்டு. அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், கோட்டை யாருடையது என்பதை முடித்துவிடுகிறேன்.

கோவளத்தில் முதலில் இடம் பிடித்த ஐரோப்பியர்கள் ஓஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள். ஓஸ்டெண்ட் இன்று பெல்ஜியத்தில் உள்ள ஒரு துறைமுகம். அன்று அந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. வியன்னாவில் இருந்த ஆறாம் சார்லஸ் பேரரசர் 1722-ல் அந்தக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். வங்காளத்தில் பாங்கிபஜார், நம் கரையில் கோவளம், இரண்டும் அவர்களுடைய முக்கிய இடங்கள். பிரெஞ்சுப் புத்தகங்களில் கோவளம் "கப்லோன்" என்று வரும். தேயிலை வியாபாரத்தில் ஓஸ்டெண்ட்காரர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். இது இலண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பொறுக்கவில்லை. பேரரசருக்கு ஆண் வாரிசு கிடையாது. தன் மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வருவதை மற்ற நாடுகள் ஏற்கவேண்டும் என்பது அவர் கவலை. அந்தச் சம்மதத்துக்கு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கேட்ட விலைகளில் ஒன்று, ஓஸ்டெண்ட் கம்பெனியை மூடுவது. 1727-ல் கம்பெனியை ஏழு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார். 1731-ல் ஒரேயடியாக விட்டுக்கொடுத்தார். ஆக, கோவளத்திலிருந்து முதல் ஐரோப்பியர்களைக் கிளப்பியதில் டச்சுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பெயரையே அந்த இடத்துக்கு வைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஓஸ்டெண்ட் பக்கத்து மொழியான பிளெமிஷ், டச்சு போலவே இருக்கும். தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே சதுரங்கப்பட்டினத்தில் உண்மையான டச்சுக் கோட்டையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குழப்பியிருக்கும் என்பது என் ஊகம்.

ஓஸ்டெண்ட்காரர்களின் இடிபாட்டுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்தில், ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒரு கோட்டை கட்டினார் என்று எழுதுகிறார் ராபர்ட் ஓர்ம். ஓர்ம் சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். அவருடைய வரலாற்று நூலின் முதல் தொகுதி 1763-ல் வந்தது. கோட்டையின் பெயர் சாதத் பந்தர். பந்தர் என்றால் துறைமுகம். நவாபுகளுக்கு நிலப்படை உண்டு, குதிரை உண்டு, வரி வசூல் உண்டு. கடல் மட்டும் முழுக்க வெள்ளைக்காரர்கள் கையில். சென்னை ஆங்கிலேயருக்கு, சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர்களுக்கு, பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு. நடுவில் தனக்கென்று ஒரு துறை வேண்டும் என்று ஆற்காட்டில் நினைத்திருக்கிறார்கள்.

அன்வருத்தீன் 1744-ல் நிஜாமால் நியமிக்கப்பட்டவர். அதற்கு முன்னிருந்த நவாயத் குடும்பத்துச் சிறுவன் கொலையுண்ட பிறகு வந்தவர் என்பதால், ஆற்காட்டில் அவரைப் பிடிக்காதவர்கள் நிறைய. 1746-ல் லா புர்தொன்னே சென்னையைப் பிடித்தபோது, நகரத்தை நவாபிடம் ஒப்படைப்பதாகத் துய்ப்ளெக்ஸ் வாக்குக் கொடுத்தார், கொடுக்கவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் பெரும் படையோடு வந்து, அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றுப் போனார். இந்த நாட்டு அரசர்களின் படை எண்ணிக்கைக்கு இனிமேல் அர்த்தமில்லை என்பதை எல்லோரும் அன்று கண்டுகொண்டார்கள். துய்ப்ளெக்ஸ் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்பே கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

அடுத்தது ஆம்பூர். பழைய நவாயத் குடும்பத்து மருமகன் சந்தா சாகிப் பல வருடம் மராட்டியர் சிறையில் இருந்து, துய்ப்ளெக்ஸின் உதவியோடு வெளியே வந்தார். நிஜாம் பட்டத்துக்கு உரிமை கோரிய முசாபர் ஜங்கோடு சேர்ந்துகொண்டார். பாண்டிச்சேரியிலிருந்து தோத்தேய் என்ற தளபதியின் கீழ் 400 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் போய்ச் சேர்ந்தார்கள். அன்வருத்தீன் ஆம்பூர்க் கணவாயை மறித்து நின்றார். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஏரி, நடுவில் அகழியும் மண் அரணும். இப்போது பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பிரியாணிக் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். கண்ணை உயர்த்தினால் அந்த மலைத்தொடர் தெரியும். படை மறித்து நிற்க இதைவிட நல்ல இடம் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அதிகமில்லை.

1749 ஆகஸ்ட் 3. பிரெஞ்சுக்காரர்கள் முதல் தடவை மோதித் திரும்பினார்கள். இரண்டாவது தடவையும் திரும்பினார்கள். தோத்தேய் தொடையில் குண்டு பாய்ந்து விழுந்தார். மூன்றாவது தடவை புஸ்ஸி முன்னால் நின்று அரணைத் தாண்டினார். அன்வருத்தீன் யானை மேல் இருந்தார். சந்தா சாகிபை நேருக்கு நேர் சந்திக்க யானையை முன்னே செலுத்தச் சொன்னார். பிரெஞ்சுப் படையில் இருந்த ஓர் ஆப்பிரிக்க வீரனின் குண்டு மார்பில் பாய்ந்து விழுந்தார். மாபூஸ்கான் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி தப்பித்துத் திருச்சிக்கு ஓடினார். அன்வருத்தீனுக்கு அப்போது வயது 107 என்று ஓர்ம் எழுதிவைத்துவிட்டார். யானை மேல் உட்கார்ந்து போர் நடத்துகிற 107-ஐ நான் நம்பத் தயாரில்லை. எழுபதைத் தாண்டியவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். எழுபதைத் தாண்டிய எனக்குக் காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இந்தப் போரை நான் முதலில் படித்தது பிரெஞ்சில். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபின் பள்ளிக்குப் போனவன் நான். ஆனாலும் வீட்டார் என்னைப் பிரெஞ்சு வழியில்தான் சேர்த்தார்கள். உத்தியோகத்துக்கு அதுதான் நல்லது என்று அப்போது நம்பிக்கை. வரலாற்று வகுப்பில் துய்ப்ளெக்ஸ் மாவீரர்; புஸ்ஸி அவருக்கு அடுத்தபடி. "ஆம்பூர்" என்பதைப் பிரெஞ்சு உச்சரிப்பில் "அம்பூர்" என்றுதான் அறிந்திருந்தோம். அது வட ஆற்காட்டில் தோல் பதனிடுகிற ஓர் ஊர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீதியிலும் அதே பெயர்கள்தான். இன்றைய ஜவஹர்லால் நேரு வீதி அன்று துய்ப்ளெக்ஸ் வீதி. புஸ்ஸி வீதி இப்போது லால் பகதூர் சாஸ்திரி வீதி. ஆனால் ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்றால்தான் வண்டி நகரும்.

எங்கள் பாடப் புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. ஆம்பூர் வெற்றிக்குப் பதிலாகப் பாண்டிச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. இடையில் போரில் இழந்தார்கள், மறுபடி பெற்றார்கள், 1816-க்குப் பிறகு நிலைத்தது. என் தாயார் பிறந்தது பாகூர்ப் பக்கம். அவர் தகப்பனாருக்குப் பிரெஞ்சில் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதே அந்த வீட்டின் பெருமை. ஆம்பூர் மலையடியில் அந்த முதியவரின் மார்பில் குண்டு பாயாமல் போயிருந்தால், என் பாட்டனார் தென் ஆற்காடு ஜில்லாக் குடியானவராக இருந்திருப்பார். நான் கடலூரில் தமிழும் ஆங்கிலமும் படித்திருப்பேன். கோவளத்து விடுதியின் புல்வெளியில் உட்கார்ந்து இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மாமா, அப்போ நீங்க எங்க ஊருக்கு ரொம்பக் கடன்பட்டிருக்கீங்க" என்றார். சம்பந்தி வீட்டுப் பெருமையை விட்டுக்கொடுக்காத பிள்ளை.

சரி, கோவளம். நவாப் போனபிறகு அவருடைய துறைமுகக் கோட்டை என்ன ஆயிற்று? 1750-ன் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். பிடித்த விதத்தை ஓர்ம் எழுதியிருக்கிறார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. கோட்டையிலிருந்து ஆட்கள் படகில் போய்ப் பார்த்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மீதிப் பேரையும் உடனே கரையிறக்கா விட்டால் அவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்றார்கள் கப்பல்காரர்கள். நல்ல பணம் கிடைக்கும் என்று எண்ணிக் கோட்டை அதிகாரி சம்மதித்தார். மெலிந்து வாடிய முகமுள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்த முப்பது பேர், துணிக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தார்கள். இரவில் எழுந்து காவலர்களை மடக்கினார்கள். விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரருடையது.

கோவளத்தில் காசு கொடுத்துத் தங்க வந்த முதல் வெளிநாட்டு விருந்தினர்கள் இவர்கள்தான் என்று சொன்னதற்கு மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நோயாளி என்று சொன்னவனுக்குக் கதவைத் திறப்பது நம் பக்கத்து வழக்கம். காசு ஆசை அதிகாரிக்கு இருந்திருக்கலாம், ஆனாலும் கதவு திறந்தது நோயாளிக்கு. இந்தத் தந்திரம் எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் இல்லை. எழுதியவர் எதிர்த்தரப்பு ஆங்கிலேயர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பிரெஞ்சுக்காரன் சூழ்ச்சி செய்தான் என்று எழுதுவதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்திருக்கும். ஆங்கிலேயர் செய்த சூழ்ச்சிகளுக்கு அவர்கள் பக்கத்தில் "ராஜதந்திரம்" என்று வேறு பெயர்.

கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இரண்டு வருடம் சொச்சம் இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்தார். ஆற்காட்டு முற்றுகையால் பெயர் பெற்றுவிட்டார். ஆனால் உடம்பு சரியில்லை. அவருக்குக் கொடுத்தது இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 200 பேர், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள், 4 பெரிய பீரங்கிகள். வந்தவர்கள் இலண்டன் சிறைகளையும் சந்துகளையும் கூட்டி அள்ளிய ஆட்கள். முதல் சூட்டில் அவர்களுடைய அதிகாரி செத்ததும் கூட்டமாக ஓடினார்கள். கிளைவ் எதிரே வந்து நின்று திருப்பி அனுப்பினார். இன்னொரு குண்டில் சிலர் மாண்டபோது, ஒருவன் ஓடிப்போய்க் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டான், மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். மகாவீரர்கள் படை என்று பள்ளியில் படிக்கிறோமே, அதன் நிலைமை இது. சில நாளில் கோட்டை சரணடைந்தது. அதை மீட்கச் செங்கல்பட்டிலிருந்து வந்த பிரெஞ்சுத் துணைப்படைக்குக் கோட்டை விழுந்த செய்தி தெரியாது. வழியில் பதுங்கியிருந்த கிளைவ் அதை முறியடித்தார். பிறகு செங்கல்பட்டும் விழுந்தது. ஆம்பூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகத்தான் நாங்கள் வந்தோம். கடைசி பாதி அந்தத் துணைப்படை வந்த திசைதான்.

கோவளம் கோட்டைக்குள் ஐம்பது பீரங்கிகள் இருந்தன. பல, 1746-ல் சென்னையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனவை. சென்னையைச் சமாதான உடன்படிக்கைப்படி 1749-லேயே திருப்பிக் கொடுத்தாயிற்று; பீரங்கிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள் போலும். அவற்றை எடுத்துக்கொண்டு, கோட்டைக்கு வெடி வைத்துத் தகர்த்தார்கள் ஆங்கிலேயர். நவாபின் துறைமுகக் கனவு கட்டி முடித்துப் பத்து வருடத்துக்குள் செங்கல் குவியல். அந்த நவாபின் மகன் முகமது அலிதான் இப்போது ஆங்கிலேயரின் கூட்டாளி, அவர்கள் தயவில் நவாப். தகப்பன் கட்டிய கோட்டையை மகனின் நண்பர்கள் இடித்தார்கள்.

இன்று கோவளத்தில் பழையது என்று தேடினால் தமீம் அன்சாரி தர்காவும், 1808 வாக்கில் ஜான் டி மோன்டி கட்டிய கார்மேல் மாதா கோவிலும் இருக்கின்றன. தர்காவுக்கு மாலையில் நடந்து போனோம். வாசலில் டி.என். 23 வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று ஆம்பூரிலிருந்து வந்த குடும்பம். மாப்பிள்ளைக்கு அவர்களில் ஒருவரைத் தெரிந்தது. "வாங்க பாய், நீங்க எங்க இங்க?" என்று பேச்சு தொடங்கி, தோல் விலையில் போய் நின்றது. அந்தப் பெரியவரிடம் இந்த ஊர்க் கோட்டையைக் கட்டிய நவாப் ஆம்பூரில்தான் இறந்தார் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஊர்ல இதை யாரும் எழுதி வைக்கலியே சார்" என்றார்.

மறுநாள் மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டை இங்கே நிஜமாகவே இருக்கிறது; செங்கல் மதில், டச்சு எழுத்துப் பொறித்த கல்லறைகள். 1754 ஜனவரியில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சமாதானம் பேச நடுநிலை இடமாக இதைத் தேர்ந்தார்கள். ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதில் பேச்சு உடைந்தது. ஆம்பூரில் முடிந்த கேள்வி என்று துய்ப்ளெக்ஸ் நினைத்தது ஐந்து வருடம் கழித்தும் முடியவில்லை. அந்த வருடமே அவரைப் பாரீசுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள்.

அதற்குத் தெற்கே வாயலூர்ப் பக்கம் சாலை பாலாற்றைக் கடக்கிறது. காரை நிறுத்தச் சொன்னேன். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வந்து இங்கே கடலில் சேர்கிற ஆறு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு எல்லாம் இதன் கரை. அன்வருத்தீனின் படை நீர் குடித்ததும் இந்தப் பள்ளத்தாக்கில்தான். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970-களில் பதனிட்ட தோலை அரைகுறையாக அனுப்பாமல் முழுதாக முடித்து ஏற்றுமதி செய்யவேண்டும் என்று அரசு கொள்கை மாற்றியபின் குரோமியமும் ரசாயனமும் பெருகின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில், கெடுத்தவன்தான் ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. மாப்பிள்ளை பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க சம்பளம் எல்லாம் இதுலேருந்துதான் மாமா" என்றார். நானும் பதில் சொல்லவில்லை. ஆம்பூரில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிற வீடு எங்களுடையது.

ஆலம்பரையில் சிறிது நேரம் நின்றோம். அதுவும் நவாபுகள் காலத்துக் கடற்கோட்டை. 1750-ல் முசாபர் ஜங் துய்ப்ளெக்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தது, ஆம்பூர் உதவிக்கு இன்னொரு கூலி. 1760-ல் ஆங்கிலேயர் அதையும் இடித்தார்கள். உடைந்த சுவர்களுக்கு நடுவே பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறு வருடம் ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் கல் கல்லாகப் பிரித்துப் போட்டார்கள். துய்ப்ளெக்ஸின் துபாஷாக இருந்து, 1736 முதல் இந்த எல்லாவற்றையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான்.